கிரகப்பிரவேசத்துக்குப் போய் வந்தேன், மனசு ஆறவில்லை

நீளமான பதிவு. வாத்தியார் பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். நேரம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். படிக்காமல் லைக் மட்டும் போட வேண்டாம்.

இந்த வைகாசியில் என் தம்பி மகன் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்தது. எங்கள் ஊர் வெட்டாற்றுப் பாசனம். பையன் டெக்சாஸில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறான். நல்ல பையன், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். அவனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவனிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அவன் பதிலையும் கீழே எழுதுகிறேன்.

வீடு ஊருக்குள் இல்லை. ஊரைத் தாண்டி, மெயின் ரோட்டை ஒட்டி, எங்கள் தாத்தா காலத்து நஞ்சையில் ஒரு மாவை மேடாக்கிக் கட்டியிருக்கிறான். மாடி கிடையாது. 2,880 சதுர அடி, ஒரே தளம். "பெரியப்பா, இதுக்குப் பேரு ரேஞ்ச் ஹவுஸ். அங்க எல்லாம் இப்படித்தான் கட்டுவாங்க. வாங்க, லே-அவுட்டை முழுசா காட்டுறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனான். போனேன்.

கேட்டைத் திறந்தால் ஆறடிச் சுற்றுச்சுவர். தெருவில் போகிறவன் முகம் வீட்டில் இருப்பவனுக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவன் செத்தாலும் தெருவில் போகிறவனுக்குத் தெரியாது. அப்புறம் இரண்டு கார் நிற்கும் போர்ட்டிகோ. வீட்டின் முகப்பில் பாதி கார்களுக்கே போய்விட்டது. அதன் ஓரத்தில் சிட்-அவுட் என்று ஒரு இடம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் படியில்தான் உட்கார வேண்டும். திண்ணைக்குப் பதிலாம் இது.

கதவு நல்ல தேக்கு. பூட்டில் எண் அழுத்தினால் திறக்கும். உள்ளே போனால் செருப்பு அலமாரி, அதைத் தாண்டி முப்பதுக்குப் பதினெட்டில் ஒரு பெரிய கூடம். அதன் ஒரு மூலையிலேயே திறந்த சமையலறை, நடுவில் கருங்கல் மேடை. நாலு படுக்கையறை, நாலுக்கும் ஒட்டிய குளியலறை. துணி வைக்க மட்டும் ஒரு அறை. சினிமா பார்க்க ஓர் அறை, அதில் ஜன்னலே இல்லை. மேற்குப் பக்கம் முழுக்க தரையிலிருந்து மேல் வரை கண்ணாடி. "சன்செட் வியூ பெரியப்பா" என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சை இல்லை, தரிசும் வெள்ளைக் கல்லும்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

பசுவையும் கன்றையும் உள்ளே அழைத்துவர வேண்டும் அல்லவா? அது வாசல்படியில் நின்றுவிட்டது. கண்ணாடி போல வழவழவென்று டைல்ஸ், கால் வைத்தால் வழுக்குகிறது. கடைசியில் பந்தல்காரரிடம் சாக்கு வாங்கி விரித்து, நாலு பேர் தள்ளி உள்ளே கொண்டுவந்தோம். நான் சிரித்தேன். என் தம்பி என்னை முறைத்தான்.

பூஜை முடிந்து பத்தரை மணி இருக்கும், கரண்ட் போனது. ஜெனரேட்டர் இன்னும் பொருத்தவில்லை. ஐந்து ஏசியும் நின்றன. பால்ஸ் சீலிங்குக்கு மேலே கான்கிரீட் காய்கிறது, மேலே மாடி இல்லாததால் 2,880 சதுர அடியும் நேராக வெயிலில் கிடக்கிறது. நகரும் கண்ணாடி ஜன்னலில் பாதிதான் திறக்கும். பத்து நிமிஷத்தில் வந்தவர்கள் எல்லோரும் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே தென்னங்கீற்றுப் பந்தலுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பந்தலுக்கு என்ன செலவாகியிருக்கும்? நாலு மூங்கில், கொஞ்சம் கீற்று.

இப்போது எங்கள் பழைய வீட்டைச் சொல்கிறேன். பழசு எல்லாம் உயர்த்தி என்று பேசும் ஆள் நான் இல்லை, அதையும் சொல்கிறேன். அதுவும் ஒரே தளம்தான். தெருவை ஒட்டித் திண்ணை, நடை, அதைத் தாண்டி முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், பத்தாயம் இருந்த உள், அடுப்படி, கொல்லை, கிணறு, மாட்டுக் கொட்டில். வாசலில் நின்று பார்த்தால் கொல்லை வாழைமரம் தெரியும். நேர்கோட்டில் கதவுகள். கொல்லையில் மரமும் கிணற்றடி ஈரமும் இருப்பதால் அங்கிருந்து காற்று உள்ளே வரும், முற்றத்தின் வழியாகச் சூடு மேலே போகும். ஓட்டுக்கு இடையிலும் காற்று போகும். மூங்கில் வரிச்சில் நாட்டு ஓடு, சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. மின்விசிறி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அந்தத் தாழ்வாரத்தில் எட்டுப் பேர் மத்தியானம் தூங்கியிருக்கிறோம். மழை பெய்தால் முற்றத்துக் கூடுவாயில் அண்டா வைத்துப் பிடிப்போம்.

இப்படிப்பட்ட தஞ்சாவூர் விவசாயி வீடு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போகலாம். 1996இல் திறந்த அருங்காட்சியகம். லாரி பேக்கர் வடிவமைத்த வளாகம் அது. டிக்கெட் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நம் தெருவில் இருந்ததை இடித்துவிட்டு, அதைப் பார்க்க நம் பிள்ளைகளை வேன் வைத்து அழைத்துப் போகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பையன் பெருமையாகச் சொன்ன ரேஞ்ச் ஹவுஸ் என்ன என்று வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். 1930களில் கலிபோர்னியாவில் சான் டியேகோ ஊரில் கிளிஃப் மே என்பவர் கட்ட ஆரம்பித்தது. அவர் பார்த்துக் கற்றுக்கொண்டது எதை என்று நினைக்கிறீர்கள்? ஸ்பெயின்காரர்களும் மெக்சிகோக்காரர்களும் அங்கே கட்டிய மண்கல் வீடுகளை. தடித்த மண்சுவர், நடுவில் திறந்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். வெயில் நாட்டு வீடு. அதைத்தான் அவர் எடுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளியபோது முற்றம் போனது, கார் கொட்டகை முன்னால் வந்தது, மிச்சத்துக்கு ஏசி வந்தது. அவர்கள் முற்றத்தைத் தொலைத்த பிறகு மிஞ்சிய சக்கையை நம் பையன் பிளானாக எடுத்துக்கொண்டு வந்து, முற்றம் வைத்துக் கட்டத் தெரிந்த தஞ்சாவூரில் கட்டியிருக்கிறான்.

"சார், நீங்கள் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். 1998இல் திண்ணையை இடித்தவன் நான்தான். மூத்தவள் பிளஸ் டூ படித்தாள், தனி அறை வேண்டும் என்றாள். திண்ணையையும் நடையையும் சேர்த்துச் சுவர் எழுப்பி அறையாக்கினேன். அதற்குப் பிறகு என் வீட்டு வாசலில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. மகள் படித்து வேலைக்குப் போனாள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கொல்லைப் பக்கம் பத்தடி இடம் கிடந்தது, அங்கே கட்டியிருக்கலாம். அப்போது புத்தி போகவில்லை.

அந்தப் பழைய வீட்டின் குற்றங்களும் எனக்குத் தெரியும். கக்கூஸ் கிடையாது. அடுப்புப் புகையில் என் அம்மாவுக்குக் கண் போனது பாதி. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் கொல்லையில் ஒதுங்கிக் கிடந்தார்கள். திண்ணை எல்லோருக்கும் பொது என்று இப்போது உருகி உருகி எழுதுகிறார்கள். பொய். எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் கொல்லைப் பக்கமாக வந்து நின்றார்கள். அவர்கள் இருந்த குடிசை நிலமும் மிராசுதாருடையது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். அதுவும் நம் டெல்டாவின் வீட்டுக் கதைதான். குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது 1971இல். ஆகவே பழைய வீட்டைப் படம் எடுத்துப் போட்டு "அந்தக் காலம்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். கூடத்தில் காற்று வந்தது என்கிற உண்மையும் யாருக்கு வந்தது என்கிற உண்மையும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இன்று என்ன நிலைமை? அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் குடிசைவாசிக்குக் கட்டித் தருவது 360 சதுர அடி. பையன் வீட்டுக்குள் எட்டுக் கனவு இல்லம் அடங்கும். வருஷத்தில் மூன்று வாரம் வந்து தங்கப் போகும் வீடு. மற்ற நாளில் என் தம்பியும் அவன் மனைவியும் மட்டும். அப்புறம் அம்மா.

நான் உண்மையில் கோபப்படும் இடம் வீட்டுக்கு உள்ளே இல்லை. வீட்டுக்குக் கீழே.

ஒரு மா என்றால் 100 குழி. குழிக்கு 144 சதுர அடி. ஆக 14,400 சதுர அடி. வீடு அதில் 20 குழி. ஆனால் மேடாக்கியது முழு மாவையும். ரோட்டு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டுமாம், நாலு அடி உயர்த்தினார்கள். கணக்குப் போடுங்கள்: 57,600 கன அடி. யூனிட்டுக்கு 100 கன அடி, 576 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 192 நடை. போன வருஷம் சித்திரையில் ராத்திரி பகலாக ஓடின வண்டிகள். வல்லம் பக்கத்துச் செம்மண். அந்தச் செம்மண்ணுக்கு அடியில் இப்போது எத்தனை தலைமுறை வண்டல் கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கட்டுமானக்காரருக்கும் கஷ்டம்தான். டெல்டாக் களி கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மழையில் உப்பும். சாதாரண அஸ்திவாரம் அதில் நிற்காது. அதற்காக ஆழமாகத் துளைத்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, அந்தச் செலவே ஊருக்குள் ஒரு நல்ல வீடு கட்டும் காசு. நெல் விளைய இறைவன் கொடுத்த மண் வீட்டைத் தாங்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறது, நாம் விடுவதாக இல்லை.

அந்த ஒரு மாவில் நல்ல மகசூல் என்றால் போகத்துக்குப் பத்து மூட்டை வரும். மூட்டைக்கு 60 கிலோ. குறுவை, தாளடி இரண்டும் சேர்த்து 1,200 கிலோ நெல். அரைத்தால் ஏறக்குறைய 750 கிலோ அரிசி. ரேஷன் கார்டுக்கு மாதம் 20 கிலோ என்று வைத்தால் மூன்று குடும்பத்தின் ஒரு வருஷ அரிசி. "பெரியப்பா, மூணு குடும்பம்தானே, நான் வாங்கியே கொடுத்துடுறேன்" என்றான் பையன். கொடுப்பான், மனசு உண்டு. ஆனால் விஷயம் அதுவும் இல்லை.

வயல் என்பது தனித் தனி மனை இல்லை. மேல் வயலில் பாய்ந்த தண்ணீர் மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும், அங்கிருந்து வடிகாலுக்குப் போகும், வடிகால் ஆற்றுக்குப் போகும். நடுவில் ஒரு மாவை நாலு அடி உயர்த்தினால் அது அணை. பையனின் மனைக்கும் ரோட்டுக்கும் நடுவில் போன வடிகாலைக் கேட் போடுவதற்காகத் தூர்த்து, ஒரு ஒடுங்கின குழாயைப் புதைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் அந்தக் குழாயில் வைக்கோலும் பாலிதீனும் அடைத்துக்கொண்டது. மேல்புறத்து ஏழு மாவில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. நட்டு இருபது நாள் ஆன தாளடி. மூழ்கி அழுகியது. ஏழு மாவில் மூன்று மா ஒரு குத்தகை விவசாயியுடையது, அவர் மகள் என்னிடம்தான் படித்தாள். வட்டிக்கு வாங்கி நட்டவர். பட்டா அவர் பெயரில் இல்லை, நிவாரணத்துக்கு எழுதிக்கொடுக்க முடியவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு அவரும் வந்து மொய் எழுதிவிட்டுப் போனார். நான் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

2017இல் நெடுவாசலுக்கும் கதிராமங்கலத்துக்கும் நம்மில் எத்தனை பேர் போனோம்! ஹைட்ரோகார்பன் வேண்டாம், டெல்டாவைச் சுடுகாடாக்காதே என்று தொண்டை கிழியக் கத்தினோம். இந்தப் பையன்தான் டெக்சாஸில் இருந்து தினம் பத்துப் பதிவு பகிர்ந்தான். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, ஊரில் வெடி வைத்தோம். அந்தச் சட்டத்தில் தடை செய்த தொழில்கள் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. துத்தநாக உருக்காலை, செம்பு உருக்காலை, இரும்பு ஆலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயுத் துரப்பணம், கப்பல் உடைப்பு. எல்லாம் சரி. நம் ஊரில் யார் கப்பல் உடைக்கப் போகிறார்கள்? தினம் தினம் வயலைத் தின்பது மனைப்பிரிவு. அது அந்த அட்டவணையில் இல்லை. வெளியிலிருந்து கம்பெனி வந்தால் கொடி பிடிக்கிறோம், நாமே வரப்பில் கல் நட்டால் மங்கள வாத்தியம் வாசிக்கிறோம்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சொன்னபோது, இனிமேல் நின்றுவிடும் என்று நம்பினேன். அடுத்த வருஷமே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன்னால் விற்றதெல்லாம் கட்டணம் கட்டினால் முறைப்படும். இப்போது ஊரில் நடப்பது வேறு வழி. முதலில் இரண்டு மூன்று வருஷம் தரிசு போடுவார்கள். அடங்கலில் தரிசு என்று ஏறும். அப்புறம் "இது சாகுபடிக்கு லாயக்கில்லாத நிலம்" என்று மனு. லாயக்கில்லாமல் போனது எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. வடிகாலைத் தூர்த்தால் எந்த வயலும் லாயக்கில்லாமல்தான் போகும்.

விவசாயி ஏன் விற்கிறான் என்று எனக்குத் தெரியாதா? உரவிலை, ஆள் கூலி, மேட்டூர் ஜூன் 12இல் திறக்குமா திறக்காதா என்கிற வயிற்றுக் கலக்கம், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் நாட்கள். குழிக் கணக்கில் விற்ற நிலத்தைச் சதுர அடிக் கணக்கில் கேட்கிறான் தரகன். மகள் கல்யாணத்துக்கு விற்பவனைக் கை நீட்டிக் குற்றம் சொல்ல மாட்டேன். என் கோபம் விற்க அவசியமே இல்லாதவர்கள் மேல். டாலரில் சம்பாதித்து, ஊருக்குள் இரண்டு காலி மனை நத்தத்தில் கிடக்க, வியூவுக்காக வயலில் வந்து உட்காருகிறவர்கள் மேல். நீங்கள் உட்கார்ந்ததும் அந்த வியூ போகிறது, அது கூடவா புரியவில்லை? பையனின் மேற்குக் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைக் கல் என்று சொன்னேன் அல்லவா, அது அவன் வீடு எழும்பியதைப் பார்த்துப் பக்கத்து நிலக்காரர் நட்ட மனைக் கல். "வில்லா அருகில்" என்று பேனர் வைத்திருக்கிறார்கள். பையன் வீட்டுப் படத்தையே போட்டு!

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 88 வயது. அவளுக்கு ஒரு அறை ஒதுக்கி, கைப்பிடி வைத்த கழிப்பறையோடு, நன்றாகவே செய்திருக்கிறார்கள். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். பழைய வீட்டில் இருட்டில் கொல்லைக்குப் போய் அவள் இரண்டு முறை விழுந்திருக்கிறாள். ஆனால் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா, வாசல் எந்தப் பக்கம் இருக்கு?" என்றாள். போர்ட்டிகோவைக் காட்டினேன். "அது காருக்குடா. நான் எங்க உக்காரட்டும்?" என்றாள். எழுபது வருஷமாகச் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் விசாரித்தவள். அந்த எண் பூட்டை அவளுக்கு அழுத்தத் தெரியாது. தெரிந்து வெளியே வந்தாலும் எதிரே ஆறடிச் சுவர்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பெரியப்பா, கட்டி முடிச்சாச்சு. இடிக்கச் சொல்றீங்களா?" என்றான். நியாயமான கேள்வி. இடிக்கச் சொல்லவில்லை. மூன்று காரியம் சொன்னேன். குழாயைப் பிடுங்கிவிட்டு, பழைய வடிகால் அகலத்துக்குத் திறந்து, மேலே வண்டி போகும் அளவுக்குச் சிறு பாலம் போடு. சுற்றுச்சுவரின் முன்பக்கத்தை மூன்றடியாகக் குறைத்து, அதை ஒட்டி உள்ளே ஓட்டுச் சாய்ப்போடு ஒரு திண்ணை கட்டு, உன் பாட்டி உட்காரட்டும். மேற்குக் கண்ணாடிக்கு முன்னால் பந்தல் போட்டுக் கொடி ஏற்று. கூடத்துக்கு நடுவில் கூரையைத் திறந்து முற்றம் வைக்க முடியுமா என்றும் கேட்டேன். இன்ஜினியர் முடியாது என்கிறார். போகட்டும்.

"அழுகின தாளடிக்கு?" என்று அவனே கேட்டான். அதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்றேன். மறுநாள் அந்தக் குத்தகைக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

பதிவைப் படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகளே, என் மாணவர்களே, யூடியூபில் ஹோம் டூர் பார்த்துவிட்டு எனக்கு பிளான் அனுப்பி "சார் எப்படி இருக்கு" என்று கேட்கிறீர்கள். இனிமேல் அனுப்பும்போது வீட்டு பிளான் மட்டும் அனுப்ப வேண்டாம். மனையைச் சுற்றி வாய்க்கால் எங்கே, வடிகால் எங்கே, மேல்வயல் யாருடையது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று ஒரு தாளில் கையால் வரைந்து அனுப்புங்கள். வரையத் தெரியவில்லை என்றால் அங்கே கட்டாதீர்கள். நத்தத்தில் உங்கள் தாத்தா வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை: கட்டட அனுமதிக் கோப்பில் வரைபடம் பார்க்கிறீர்கள், நேரில் போய் வடிகாலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், சைக்கிள் போதும்.

என் பங்கு மூன்று மா பையன் வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது. போன மாதம் தரகர் இரண்டு முறை வந்தார். என் மகனும் பெங்களூரில் இருந்து போன் செய்து, "அப்பா, இப்ப நல்ல விலை" என்றான். குறுவைக்கு விதைநெல் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வடிகாலை அளக்கப் போகிறோம். டேப்பும் கயிறும் நான் கொண்டுவருகிறேன். பையனுக்குப் புதன்கிழமைதான் பிளைட், அவனும் வருகிறேன் என்றிருக்கிறான். ஊரில் இருப்பவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.